மனைவியின் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனது

என் மனைவியின் வயிற்றின் மேல் எனக்குப் பொறாமை. பக்கத்துத் தறிக்காரர் புதுத் தறி இறக்கினார், பங்காளி கார் வாங்கினான் என்று ஆம்பளைகள் புழுங்குவதற்குக் கௌரவமான காரணங்கள் எங்கள் ஊரில் எத்தனையோ உண்டு. நான் போயும் போயும் கட்டின பெண்டாட்டியின் வயிற்றைப் பார்த்துப் புழுங்கினேன். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்றுதான் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன். சிரித்துவிட்டுப் போகட்டும்.

குமாரபாளையத்தில் வீட்டுக்குப் பின்னாலேயே எங்கள் பட்டறை. எட்டுப் பவர்லூம், துண்டு ஓட்டுகிறோம். இரண்டு பிள்ளைகளைப் பெற்ற பிறகு அவள் வயிறு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. கொழுப்பு என்று நாங்களும் நினைத்துக்கொண்டோம், சொந்தக்காரர்களும் நினைத்தார்கள். அவள் சாப்பாட்டைக் குறைத்தாள். கை மெலிந்தது, கழுத்து மெலிந்தது, வயிறு மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது. படுக்கையிலிருந்து எழும்போது நடு வயிறு மட்டும் கூரை முகடு மாதிரி எழும்பி நிற்கும். இடுப்புவலி வேறு.

ஒருநாள் சொந்தத்தில் ஒரு வளைகாப்புக்கு வளையல் வாங்க டவுன் பஸ்ஸில் பவானிக்குப் போனாள். ஒரு காலேஜ் பெண் சட்டென்று எழுந்து இடம் கொடுத்திருக்கிறது. "உக்காருங்கக்கா. எத்தனை மாசமுங்க?"

"நீ என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"ஆறுன்னேன்."

"ஆறா?"

"பாவம், நல்ல புள்ளை. இல்லைன்னா அதுக்குச் சங்கடமாப் போயிருமுங்க. உக்காந்துட்டே போயிட்டேன்."

நான் ஒரு வாரம் சிரித்தேன். டீக்கடையில் சொல்லிச் சிரித்தேன், நூலுக்குக் கஞ்சி போடுகிற சைசிங் ஆபீசில் சொல்லிச் சிரித்தேன். அவளும் கூடவே சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் பஸ் ஏறவே இல்லை. அதை நான் கவனிக்க நாலு மாசம் ஆயிற்று. கவனித்ததும் நான் இல்லை, மகள்தான். அவள்தான் பிடிவாதமாக அம்மாவைச் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் கொண்டுபோனாள். கார் ஓட்டியது மட்டும் நான்.

அந்த டாக்டருக்கு நாற்பது வயசு இருக்கும். சட்டைக்குள் வயிறு என்று ஒரு உறுப்பு இருப்பதற்கான அடையாளமே கிடையாது. அப்போதே எனக்கு ஆளைப் பிடிக்கவில்லை. அவளைப் படுக்கவைத்துத் தலையை மட்டும் தூக்கச் சொல்லி, நடு வயிற்றில் விரலை வைத்துப் பார்த்தார். நாலு விரல் உள்ளே போனது.

"இது வெறும் கொழுப்பு இல்லம்மா. வயித்துல மேலயிருந்து கீழ வரைக்கும் ரெண்டு தசை, ரெட்டைக் கதவு மாதிரி இருக்கு. பிள்ளைப்பேறுல அது விலகிடுச்சு, திரும்பச் சேரலை. அதான் முதுகும் வலிக்குது."

ஆறு மாசம் பிசியோதெரபி செய்து பார்த்தாள். நாலு விரல் மூன்று விரல் ஆனது. அதற்கு மேல் நகரவில்லை. கடைசியில் ஆபரேஷன் என்று முடிவானது. தொங்கும் தோலை எடுத்துவிட்டு, விலகின இரண்டு தசையையும் நடுவில் இழுத்துத் தைப்பது. எல்லாவற்றையும் விளக்கிவிட்டு டாக்டர், "ஏதாவது கேக்கணுமா?" என்றார்.

என் மனைவி கேட்டாள்: "தைக்கிற நூல் எத்தனாம் நம்பருங்க சார்?"

டாக்டர் விழித்தார். "நூலா? அது கரையாத நூல்மா."

"ஒத்தை இழைங்களா, முறுக்குங்களா?"

அந்த மனுஷர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு இருபது நிமிஷம் இருவரும் நூலைப் பற்றியே பேசினார்கள். எந்த நூல் இழுவை தாங்கும், எது அறுக்கும், முடிச்சு எங்கே நழுவும். முப்பது வருஷமாக நூல் வாங்கித் தறி ஓட்டுகிற நான் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். இருவரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொறாமை பிறந்த இடம் அதுதான். நேரம்கூடச் சொல்வேன், காலை பதினொன்றே கால்.

ஆபரேஷனுக்கு முன்னால் அவர் மார்க்கர் பேனாவால் அவள் வயிற்றில் கோடு போட்டாராம். நின்று பார்த்தாராம், தள்ளிப் போய்ப் பார்த்தாராம், அழித்துவிட்டுத் திரும்பப் போட்டாராம். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் என் பட்டறைக் கணபதி ஹோமத்துக்குக்கூட யாரும் அவ்வளவு அக்கறையாகக் கோலம் போட்டு நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்தபோது கூன் விழுந்த மாதிரி குனிந்தே நடந்தாள். நிமிர்ந்தால் தையல் இழுக்கும். இரண்டு தலைகாணி முதுகுக்கு, ஒன்று முழங்காலுக்கடியில். இருமும்போது ஒன்றை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும். வயிற்றைச் சுற்றி அகலமான பெல்ட், இரண்டு மாசம். மூன்று மாசத்துக்குக் கனம் எதையும் தூக்கக் கூடாது, தண்ணீர்க் குடம்கூட. டாக்டர் இதை என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அவர் என்னோடு பேசிய முதல் வாக்கியம்.

சமையல் என் தலையில் விழுந்தது. ஒறம்பரைச் சனம், சொந்தபந்தம் எல்லாம், வந்துகொண்டே இருந்தது. ஆளுக்கொரு தூக்குப்போசியில் நாட்டுக்கோழிச் சாறு. அவள் அரை டம்ளர் குடிப்பாள். மீதியை வீணாக்கக் கூடாது என்று நான் குடிப்பேன். அவளுக்கு வயிறு இறங்க இறங்க எனக்கு ஏறியது. ஒரே வீட்டில் ஒரு வயிறுதான் இருக்கலாம் என்று விதி போட்ட மாதிரி.

அஞ்சாவது வாரம் நிமிர்ந்துவிட்டாள். எங்கள் துண்டை வாங்குகிற மொத்த வியாபாரியைப் பார்க்கச் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குக் கிளம்பினேன். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறேன், நானும் வாரேன் என்று கூடவே வந்தாள். கடைக்குள் அவள் நுழைந்ததும் வியாபாரி எழுந்தே நின்றுவிட்டார். எனக்கு எழுந்ததில்லை.

"அக்கா, அடையாளமே தெரியலீங்க! கல்யாணத்துல பாத்த மாதிரியே இருக்கறீங்க!"

அப்புறம் என் பக்கம் திரும்பினார். என் சட்டைப் பொத்தான்களை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தார்.

"ஏனுங்க அண்ணா, அக்காவுக்கு அங்க வெட்டுனதை வீணாக்காம உங்களுக்கே வெச்சுத் தெச்சுட்டாங்களா?"

கடையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர்கள்வரை சிரித்தார்கள். என் மனைவி சிரித்தாள், வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வெக்காதீங்க, தையல் இழுக்குது" என்று கெஞ்சிக்கொண்டே சிரித்தாள். நானும் சிரித்தேன். என்னைப் பற்றிய நகைச்சுவைக்கு முதலில் சிரிப்பது நான்தான், அது என் தொழில் தர்மம். ஆனால் அன்றைக்குச் சிரித்துக்கொண்டே வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்ததில், காருக்கு வருவதற்குள் மூச்சு வாங்கியது.

மறுநாள் காலையில் அவள் குளிக்கப் போனாள். பெல்ட் கட்டில்மேல் கிடந்தது.

வெள்ளையும் பழுப்பும் கலந்த நிறம். அகலமான எலாஸ்டிக், முனையில் ஒட்டிக்கொள்ளும் பட்டை. சும்மா ஒருதரம் வைத்துப் பார்க்கலாம் என்று எடுத்தேன். எட்டவில்லை. மூச்சை வெளியே விட்டு, சுவரில் முதுகைச் சாய்த்து, எலாஸ்டிக்கை இழுத்தேன் பாருங்கள், அப்படி இழுத்தேன். ஒட்டிக்கொண்டது. கண்ணாடியில் பார்த்தால் யாரோ ஒரு வாலிபன். முகம் மட்டும் என்னுடையது. குளித்துவிட்டுத் தலை காயவைக்க அவளுக்கு ஒரு மணி நேரம் ஆகும். சட்டையைப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டேன்.

நிமிர்ந்து நடந்தேன். வேறு மாதிரி நடக்க அந்தப் பெல்ட் விடவும் விடாது. டீ மாஸ்டர், "என்னங்க அண்ணா, இளைச்ச மாதிரி இருக்கறீங்க?" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக எட்டு நாள் தொடர்ந்து போனேன். எட்டாவது நாள் பெஞ்சில் உட்கார்ந்து வடைக்குக் கை நீட்டினபோது, சட்டைக்குள் பெல்ட்டின் பட்டை பிரிந்து 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். கடையில் இருந்த அத்தனை பேரும் அவரவர் வேட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். நானும் என் வேட்டியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி நடித்துவிட்டு, வடையைச் சாப்பிடாமலே வீட்டுக்கு ஓடிவந்தேன்.

அன்றைக்குத் தலையைத் துவட்டிக்கொண்டே பெல்ட்டைக் கட்டினவள், நின்று, திரும்பக் கட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, பெல்ட்டு லூசாயிருச்சுங்க!"

நான் குனிந்து சட்டைப் பொத்தான்களைச் சரிசெய்தேன்.

"நானு இன்னும் இளைச்சுட்டனாட்ட இருக்குதுங்க!"

அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்த பிறகு எவனுக்கு வாய் வரும்? "ஆமா, இளைச்சுத்தான் போயிட்டே" என்றேன். அவள் பட்டையைக் கடைசி முனைவரை இழுத்து ஒட்டிக்கொண்டு, மகளுக்குப் போன் போடப் போனாள். நான் அடுப்படிக்குப் போய்ச் சோற்றைக் குழைய விட்டேன்.

ஏழாவது வாரம் மாரியம்மன் நோம்பி, ஊர்த் திருவிழா, வந்தது. நோம்பிக்குத் தறி ஓட்டுகிற ஆட்கள் யாரும் இல்லை. நாலாம் தறியில் பாவு, நீளவாட்டு நூல், தீர்ந்திருந்தது. சைசிங்கிலிருந்து புதுப் பாவு பீம் வந்து பட்டறை வாசலில் கிடந்தது. பீம் என்றால் இரும்பு உருளை, அதில் ஆயிரக்கணக்கான இழை சுற்றியிருக்கும். முனைக்கு ஒருவராக இரண்டு பேர் சேர்ந்துதான் தறிமேல் ஏற்ற முடியும். எங்கள் ஊரில் தறிவீட்டில் புருஷனும் பெண்டாட்டியும்தான் அந்த இரண்டு பேர். ஆள் கிடைக்காத எல்லா நாளும் அவளும் நானும்தான் ஏற்றுவோம். பேச்சு கிடையாது. தறிச் சத்தத்தில் பேசினாலும் கேட்காது. நான் ஒரு முனையில் குனிந்து "ம்" என்று தலையை ஆட்டுவேன், அவள் மறுமுனையில் குனிவாள், பீம் ஏறிவிடும். இருபத்தாறு வருஷமாக இதுதான் வழக்கம்.

அன்றைக்குத் தறிகள் எல்லாம் நின்றிருந்தன. டீ டம்ளரோடு அவள் பட்டறைக்குள் வந்தாள். புதுச் சேலை, கொசுவம் படிந்து நின்றது. முதுகு நேராக, குத்துவிளக்கு மாதிரி நடந்து வந்து டம்ளரைத் திட்டில் வைத்தாள். நான் பீமின் ஒரு முனையில் குனிந்துகொண்டிருந்தேன். "ம்" என்று தலையை ஆட்டினேன்.

பழக்கதோஷத்தில் ஆட்டிவிட்டேன் என்றுதான் பின்னால் எல்லோரிடமும் சொன்னேன். பாதி உண்மை. மறுபாதியை இங்கே சொல்கிறேன். அவள் அப்படி நடந்து வந்ததைப் பார்த்ததும், இவள் இனிமேல் மறுமுனைக்கு வரமாட்டாள், வேறு ஆளாகிவிட்டாள் என்று வயிறு எரிந்தது. பழையபடி குனிகிறாளா பார்ப்போம் என்று ஒரு நொடி நினைத்தேன். ஒரே நொடிதான். தலை ஆடிவிட்டது.

அவள் யோசிக்கக்கூட இல்லை. குனிந்தாள், பிடித்தாள், தூக்கினாள். பீம் ஏறிவிட்டது. ஏறின பிறகுதான் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவள் கை வயிற்றுக்குப் போனது.

"வலிக்குதா?"

"இல்லீங்க." வயிற்றிலிருந்து கையை எடுக்காமலே, "தெரியலீங்க" என்றாள்.

இரண்டு நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாள். தொப்புளுக்குக் கீழே இடது பக்கம் ஒரு வீக்கம், கோழிமுட்டை அளவுக்கு. தொட்டால் மெத்தென்று இருந்தது.

"பிரிஞ்சிருச்சுங்களா?" என்று கேட்டாள்.

நான் கார் சாவியை எடுத்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். அழவில்லை. "மறுபடியும் பஸ்ஸுல எந்திரிச்சு எடம் குடுப்பாங்க" என்று மட்டும் சொன்னாள். நான் ஒரு வாரம் சிரித்த கதை அது. ஒருத்தர்கூடச் சிரிக்க முடியாத மாதிரி அன்றைக்கு அவள் அதைச் சொன்னாள்.

சேலத்துக்கு ஒன்றரை மணி நேரம். தலைகாணியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தாள். ஒவ்வொரு வேகத்தடைக்கும் நான் காரை நிறுத்தி, இறங்கித் தள்ளுகிற வேகத்தில் ஏற்றினேன். பின்னால் வந்த லாரிக்காரர்கள் எல்லாம் என் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனார்கள். தறிமேல் பீமை ஏற்றிய கணத்திலிருந்து எனக்குப் பொறாமை என்ற ஒன்றே மறந்துபோயிருந்தது. பயம் மட்டும்தான். அவள் வயிறு தட்டையாக இருக்கட்டும், என்னை யார் வேண்டுமானாலும் எதுவும் சொல்லட்டும் என்று சங்ககிரி தாண்டும்போது மாரியம்மனிடம் பேரம் பேசினேன்.

ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது நர்ஸ் வந்து, "பெல்ட்டு ஒழுங்காக் கட்டறீங்களாம்மா?" என்று தொட்டுப் பார்த்தாள். "இது என்னம்மா, எலாஸ்டிக்கே போயிருச்சு. இது புடிக்கவே புடிக்காதே" என்றாள்.

"நான் இளைச்சுட்டேங்க, அதான்" என்றாள் என் மனைவி.

"இளைச்சா பெல்ட்டு ஏன்மா தொங்குது?" என்று கேட்டுவிட்டு நர்ஸ் போய்விட்டாள்.

இதற்கு மேல் மறைக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். குளிக்கப் போன நேரம், டீக்கடை, எட்டு நாள், வடை எல்லாவற்றையும் சொன்னேன். பீம் விஷயத்தில் அந்த ஒரு நொடியையும் சொன்னேன். வழக்கமாக நான் எதைச் சொன்னாலும் அதில் சிரிக்க ஒரு இடம் வைத்திருப்பேன். அன்றைக்கு எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

அவள் பெல்ட்டை விரலால் இழுத்து விட்டுப் பார்த்தாள்.

"இளைச்சுட்டேன்னு புள்ளைகிட்ட போன் போட்டுச் சொன்னனுங்களே" என்றாள்.

திட்டியிருந்தால் தேவலை. நம்பர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்திருக்க நான் நீட்டின கையைப் பிடிக்கவில்லை.

டாக்டர் படுக்கவைத்தார். தலையைத் தூக்கச் சொன்னார். நடுக்கோட்டில் மேலிருந்து கீழே விரலை வைத்து நகர்த்திக்கொண்டே வந்தார். அவர் கொஞ்சம் அழுத்தினார், நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். வீக்கத்தின் மேல் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தார்.

"தையல் கெட்டியா இருக்கும்மா. இது தோலுக்கு அடியில நீர் கோத்திருக்கு, அவ்வளவுதான். ஊசியில எடுத்துடலாம்."

அவள் நம்பவில்லை. "எனக்குப் பயமாயிருக்கும்னு சொல்றீங்களா சார்? பீம் தூக்கிட்டேனுங்க."

"பீமா?" டாக்டர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றி எழுத எனக்குத் தைரியம் இல்லை. "சார், நீங்க அந்தக் கட்டில்ல படுங்க."

"நானா?"

"படுங்க. சட்டையைத் தூக்குங்க. இப்ப தலையை மட்டும் தூக்குங்க."

தூக்கினேன். என் வயிற்றின் நடுவே, நெஞ்செலும்பிலிருந்து தொப்புள்வரை, கவிழ்த்த படகு மாதிரி ஒன்று எழும்பி நின்றது. இத்தனை வருஷம் என்னோடு இருந்திருக்கிறது, எனக்கே அறிமுகம் இல்லை.

"இங்க வாங்கம்மா. விரலை வெச்சுப் பாருங்க. தொப்பை பெருசானா ஆம்பளைங்களுக்கும் தசை இப்படி விலகும்."

அவள் மெதுவாக நடந்து வந்து வைத்தாள். மூன்று விரல் சுளுவாக உள்ளே போனது. "அட சாமி!" என்றாள்.

"இதான் விலகினது. இப்ப உங்களுதைப் பாருங்க."

திரும்பப் போய்ப் படுத்து, தலையைத் தூக்கி, தன் வயிற்றைத் தானே தொட்டுப் பார்த்தாள். ஒரு விரல்கூட இறங்கவில்லை. இன்னொருதரம் பார்த்தாள். பிறகு தலையைத் தலைகாணியில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். கண்ணோரத்தில் தண்ணீர் காதுவரை ஓடியது.

ஊசியில் நீரை எடுத்த பிறகு டாக்டர் இரண்டு பயிற்சி டாக்டர்களைக் கூப்பிட்டார். மூவரும் அவளைச் சுற்றி நின்றார்கள். "ஏழு வாரத்துல பீம் தூக்கியிருக்காங்க, ரிப்பேர் அசையலை. பிசியோவுல ஆறு மாசம் பண்ணின பயிற்சிதான் காரணம். இந்த லைனைப் பாருங்க" என்றார் அவர். ஒருத்தர் "எக்ஸலண்ட் சார்" என்றார். இன்னொருத்தர் அனுமதி கேட்டுப் போட்டோகூட எடுத்தார். பக்கத்துக் கட்டிலில் சட்டையைத் தூக்கிக்கொண்டு ஒரு மனுஷன் கிடக்கிறான் என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை. என் வயிற்றையும் ஒருத்தர் வந்து பார்க்கலாம் அல்லவா? மூன்று விரல் இடைவெளி, அதுவும் ஒரு சாதனைதானே? உள்ளே குபுகுபுவென்று பற்றிக்கொண்டு வந்தது. சங்ககிரியில் செய்த பேரம் எல்லாம் காற்றில் போயிற்று. மூன்று நாளாகக் காணாமல் போயிருந்த பொறாமை திரும்பி வந்தபோதுதான், எல்லாம் சரியாகிவிட்டது என்று என் உடம்புக்கே தெரிந்தது.

அவள் கூட்டத்துக்கு நடுவிலிருந்து தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, மூஞ்சி ஏன் இப்படிச் சுண்டிப் போகுது?"

"ஒண்ணுமில்லை."

"எரியுதுங்களா?"

மூன்று டாக்டர்கள் இருக்கிறார்கள். இருந்தாலும் அன்றைக்குப் பொய் சொல்வதாக இல்லை. "எரியுது" என்றேன்.

"நல்லா எரியட்டும்" என்றாள். சொல்லிக்கொடுத்தபடி பக்கவாட்டில் புரண்டு, முழங்கையை ஊன்றி, யார் கையையும் பிடிக்காமல் எழுந்து உட்கார்ந்தாள். நானும் எழப் பார்த்தேன். இரண்டுதரம் முயற்சி செய்து முடியாமல் கிடந்தேன். கடைசியில் அந்தப் போட்டோ எடுத்த பயிற்சி டாக்டர்தான் வந்து முதுகுக்குக் கை கொடுத்தார்.